16 வாரமா, 7 வாரமா? செயலி கேட்காத கேள்வி

வாசகர் கேள்வி: எங்களுக்கு மார்ச் 10 அன்று 31-ஆவது வாரத்திலேயே பெண் குழந்தை பிறந்தாள். எடை 1.4 கிலோ. டாக்டர் குறித்துக் கொடுத்த பிரசவத் தேதி மே 12. புதுச்சேரியில் என்.ஐ.சி.யூ. என்ற பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் 36 நாள் இருந்தாள். தலை ஸ்கேன் நார்மல் என்று டிஸ்சார்ஜ் சம்மரியில் இருக்கிறது. ஜூலை 3 அன்று என் கணவர் ஃபோனில் ஒரு செயலியை இறக்கினார். குழந்தை கை கால் அசைப்பதை வீடியோ எடுத்துப் போட்டால் மூளை வளர்ச்சியைக் கம்ப்யூட்டரே கணித்துச் சொல்லுமாம். அவர் கிலுகிலுப்பை ஆட்ட, நான் இரண்டு நிமிடம் எடுத்தேன். ‘அதிக ஆபத்து, 64%’ என்று சிவப்பில் வந்தது. அன்றிலிருந்து தூக்கமே இல்லை. மாமியார், “கொறமாசப் புள்ளக்கி எல்லாம் மெதுவாத்தான் வரும், சும்மா பயப்படாத” என்கிறார். கம்ப்யூட்டர் சொல்வதை நம்பலாமா? உடனே எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டுமா?
கடலூர், திருப்பாதிரிப்புலியூர் வாசகி

பதில்: உங்கள் தூக்கத்தைக் கெடுத்த அந்த 64-ஐ முதலில் பார்த்துவிடுவோம். அந்தச் செயலி உங்களிடம் என்னென்ன தேதி கேட்டது என்று நினைவிருக்கிறதா? பிறந்த தேதியை மட்டும் வாங்கிக்கொண்டு, பிரசவத்துக்குக் குறித்த தேதியைக் கேட்கவில்லை என்றால், அந்த எண்ணை அழித்துவிடலாம். கிலுகிலுப்பை ஒன்றே அந்த வீடியோவைக் கெடுக்கப் போதுமானது. வயதுக் கணக்கும் தவறினால் மிச்சமிருப்பது ஒன்றுமில்லை.

கணக்கு இதுதான். முழுக் கர்ப்பம் 40 வாரம். உங்கள் மகள் 9 வாரம் முந்திப் பிறந்திருக்கிறாள். மார்ச் 10-இலிருந்து எண்ணினால் ஜூலை 3 அன்று அவளுக்கு 16 வாரம் 3 நாள். மே 12-இலிருந்து எண்ணினால் 7 வாரம் 3 நாள். இரண்டாவதுதான் திருத்தப்பட்ட வயது. குறைமாதக் குழந்தையின் நரம்பு வளர்ச்சியை 2 வயது வரை அந்த வயதை வைத்தே பார்க்க வேண்டும். (தடுப்பூசி மட்டும் விதிவிலக்கு. அதைப் பிறந்த தேதியிலிருந்து எண்ணியே போட வேண்டும். குறைமாதம் என்று தள்ளிப் போடக் கூடாது.) இந்த ஒன்பது வார வித்தியாசம் ஏன் இவ்வளவு பெரிதாகிறது என்பதற்கு, அந்தக் கணினி எதைத் தேடுகிறது என்று தெரிய வேண்டும்.

குழந்தை தானாக, யாரும் தூண்டாமல், உடம்பு முழுவதையும் அசைத்துக்கொண்டே இருக்கும் அல்லவா? அந்த அசைவுகளின் தரத்தைப் பார்த்தே மூளையின் நிலையைக் கணிக்கலாம் என்று காட்டியவர் ஹைன்ஸ் பிரெக்டல் என்ற நரம்பியல் அறிஞர். அவர் வகுத்த முறையை ஜெனரல் மூவ்மென்ட்ஸ் அசெஸ்மென்ட், சுருக்கமாக ஜி.எம்.ஏ. என்கிறோம். குழந்தையைத் தொட வேண்டியதில்லை, ஊசி இல்லை, கதிர் இல்லை. மல்லாக்கப் படுக்கவைத்து எடுத்த வீடியோவைப் பயிற்சி பெற்றவர் பார்க்கிறார், அவ்வளவுதான்.

பிரசவத் தேதியை ஒட்டியும் அதன் பிறகு சுமார் 6 முதல் 9 வாரம் வரையும் குழந்தையின் அசைவு மெதுவாக, முறுக்கி நெளிவது போல இருக்கும். கையும் காலும் நீள்வட்டமாகச் சுழன்று நீளும். அதன் பிறகு இந்த நெளிவு மறைந்து வேறொரு அசைவு தலைகாட்டுகிறது. அதற்கு ஃபிட்ஜெட்டி அசைவு என்று பெயர். கால் தரையில் கிடக்கும்போதே கணுக்கால் மட்டும் சின்னதாகச் சுழலும். மணிக்கட்டு இந்தப் பக்கம் திரும்பி, உடனே அந்தப் பக்கம் திரும்பும். தோள், இடுப்பு, கழுத்து எல்லாம் சின்னச் சின்னதாக, மிதமான வேகத்தில், எந்தத் திசை என்று முன்கூட்டிச் சொல்ல முடியாதபடி அசைந்துகொண்டே இருக்கும். பெரிய உதைப்பு, கை வீச்சு எல்லாம் இதற்கு மேலே தனியாக வரும். அவற்றை இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. விழித்திருந்து, அழாமல், எதையும் உற்றுப் பார்க்காமல் இருக்கும் குழந்தையிடம் இது திருத்தப்பட்ட வயது 9 வாரம் வாக்கில் தொடங்கி 20 வாரம் வரை இருக்கும். மிகத் தெளிவாகத் தெரிவது 12 முதல் 16 வாரத்துக்குள்.

இந்தச் சின்ன அசைவுக்கு ஏன் இவ்வளவு மதிப்பு? அசைவை உண்டாக்கும் அடிப்படை நரம்புச் சுற்றுகள் மூளைத்தண்டிலும் தண்டுவடத்திலும் இருக்கின்றன. அவற்றுக்கு மேலேயிருந்து பெருமூளை இடைவிடாமல் குறுக்கிட்டுத் திருத்துவதால்தான் அசைவில் பல வகையும் மாற்றமும் வருகின்றன. அந்த இணைப்பு நரம்புப் பாதைகள் அடிபட்டிருந்தால் ஃபிட்ஜெட்டி அசைவு வராமலே போகும். 1997-இல் லான்செட் இதழில் பிரெக்டல் குழு வெளியிட்ட ஆய்வில் 130 குழந்தைகள். ஃபிட்ஜெட்டி அசைவு சரியாக இருந்த 70 பேரில் 67 பேருக்குப் பின்னாளில் நரம்பியல் குறை எதுவும் இல்லை. அது இல்லாமலோ பிறழ்ந்தோ இருந்த 60 பேரில் 57 பேருக்குக் குறை தெரிந்தது. அதில் 49 பேருக்கு மூளை முடக்குவாதம் (செரிப்ரல் பால்சி), அதாவது வளரும் மூளை அடிபட்டதால் உடல் அசைவில் நிலைக்கும் குறை. இவ்வளவு எளிய சோதனையில் இவ்வளவு துல்லியம் மருத்துவத்தில் அபூர்வம்.

இப்போது உங்கள் மகளிடம் வருவோம். ஜூலை 3 அன்று 7 வாரம் 3 நாள். நெளியும் அசைவு விடைபெற்று, ஃபிட்ஜெட்டி இன்னும் வந்து சேராத இடைவெளி அது. பிறந்த தேதியை மட்டும் வாங்கிய செயலி 16 வாரக் குழந்தை என்று எடுத்துக்கொண்டு, அந்த வயதில் கட்டாயம் இருக்க வேண்டிய அசைவைத் தேடியிருக்கும். கிடைத்திருக்காது. சிவப்பில் எழுதிவிட்டது. இந்த வயதில் அது இல்லாததுதான் இயல்பு.

கணினியை நம்பலாமா என்ற கேள்விக்கு இதுவே பாதி பதில். மீதிப் பாதிக்கு, அது எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும். நொடிக்கு 30 சட்டகம் என்று எடுத்தால் 3 நிமிட வீடியோவில் 5,400 படங்கள். ஒவ்வொரு படத்திலும் மூக்கு, தோள், முழங்கை, மணிக்கட்டு, இடுப்பு, முட்டி, கணுக்கால் எங்கே இருக்கின்றன என்று மென்பொருள் புள்ளி வைக்கிறது. புள்ளிகளைக் கோட்டால் இணைத்தால் ஓர் எலும்புக்கூடு ஆடுவது போல இருக்கும். அந்தப் புள்ளிகள் நகரும் விதத்தை, பின்னாளில் மூளை முடக்குவாதம் வந்த குழந்தைகளின் அசைவோடும் வராத குழந்தைகளின் அசைவோடும் ஒப்பிட்டு ஓர் எண்ணைத் தருகிறது.

கோளாறு பெரும்பாலும் புள்ளி வைக்கும் இடத்தில்தான் நேர்கிறது. பெரியவர்களின் படங்களில் பழகிய மென்பொருளுக்குக் குழந்தையின் பெரிய தலையும் குட்டைக் கைகளும் பிடிபடுவதில்லை. கால்கள் குறுக்கே போனால் வலது கணுக்காலை இடது என்று மாற்றி வைக்கும். பூப்போட்ட விரிப்பில் பூவைக் கையென்று நினைக்கும். கிலுகிலுப்பை ஆட்டும் அப்பாவின் கை சட்டகத்துக்குள் வந்தால் அதுவும் குழந்தையின் கையாகிவிடலாம். வெளிச்சம் குறைந்தால் கேமரா ஒவ்வொரு படத்தையும் நீண்ட நேரம் எடுத்துக் குழப்பும். வேகமாக நகரும் மணிக்கட்டு மங்கிப் போகும். நாம் தேடுவதோ அந்த மணிக்கட்டின் சின்னச் சுழற்சியை. புள்ளி நடுங்கினால், இல்லாத அசைவு இருப்பது போலவும் இருக்கும் அசைவு இல்லாதது போலவும் கணக்கு மாறிவிடும்.

ஒழுங்காகச் செய்த ஆய்வுகளில் என்ன கிடைத்தது? நார்வே ஆய்வாளர்கள் முன்னின்று நடத்தி 2022-இல் வெளியான ஓர் ஆய்வில் நார்வே, பெல்ஜியம், அமெரிக்கா, இந்தியா ஆகிய நாடுகளின் 13 மருத்துவமனைகளைச் சேர்ந்த 557 குழந்தைகள். எல்லோரும் உங்கள் மகளைப் போல அபாயம் கூடிய குழந்தைகள். வீடியோ எல்லாம் திருத்தப்பட்ட வயது 9 முதல் 18 வாரத்துக்குள் எடுத்தவை. மூளை முடக்குவாதம் வரப்போகிற 100 குழந்தைகளில் 71 பேரைக் கணினி பிடித்தது, 29 பேரைத் தவறவிட்டது. வராத 100 பேரில் 94 பேரைச் சரியாக விட்டது. ‘ஆபத்து’ என்று அது சொன்னவர்களில் 100-க்கு 68 பேருக்குத்தான் உண்மையில் இருந்தது. சிறந்த ஆய்வுக் குழு, சரியான வயதில், சரியான வீடியோவில் பெற்ற எண்கள் இவை.

அதே கருவியை நிறைமாதத்தில் நலமாகப் பிறந்த குழந்தைகளுக்குப் போட்டால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 1,000 பிறப்புக்கு ஏறத்தாழ 2 பேருக்கு மூளை முடக்குவாதம் என்று வைத்துக்கொள்வோம். மீதி 998 பேரில் 100-க்கு 6 பேர் வீதம் சுமார் 60 பேருக்கு வீணாகச் சிவப்பு எரியும். உண்மையாகப் பிடிபடுவது ஒன்றிரண்டு. ‘எல்லாக் குழந்தைக்கும் இந்தச் சோதனை’ என்று விளம்பரம் செய்வோரைக் கண்டால் இந்தக் கணக்கு நினைவுக்கு வர வேண்டும்.

இதனால் கணினியைத் தள்ளிவைக்கச் சொல்கிறேன் என்று எண்ண வேண்டாம். ஜி.எம்.ஏ. பயிற்சி முடித்துச் சான்று பெற்றவர்கள் நம்மூர்ப் பக்கம் குறைவு. வீட்டிலேயே எடுத்த வீடியோவைக் கணினி முதலில் சலித்து, சந்தேகமானதை மனிதக் கண்ணுக்கு அனுப்பினால் எத்தனையோ குழந்தைகளைச் சீக்கிரம் பிடிக்கலாம். அந்த இடத்தில் இந்தத் தொழில்நுட்பம் மிக நல்லது. கணினி சொன்னதையே தீர்ப்பாக எடுத்து, நடுவில் ஒரு மனிதரும் இல்லாமல் தாயின் ஃபோனில் சதவீதத்தைப் போடுவது மட்டும் கூடாது.

வீட்டில் வீடியோ எடுப்பது உங்களுக்கு இன்னொரு விதத்திலும் உதவும். கடலூர் பஸ் ஸ்டாண்டில் ஏறி, ரெட்டிச்சாவடி, கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், அரியாங்குப்பம் தாண்டிப் புதுச்சேரியில் இறங்கி, மறுபடி கோரிமேடு போய் ஜிப்மர் ஓ.பி. வரிசையில் உட்கார்வதற்குள் குழந்தை ஒன்று தூங்கிவிடும், இல்லை அலறிக்கொண்டிருக்கும். இரண்டு நிலையிலும் ஃபிட்ஜெட்டியைப் பார்க்க முடியாது. வீட்டில் அது நிதானமாக இருக்கும் அந்த 3 நிமிடம் ஆஸ்பத்திரியில் கிடைப்பது கஷ்டம்.

ஆகவே மறுபடி எடுங்கள், ஆனால் இப்போது வேண்டாம். உங்கள் மகளுக்கு 12 வாரம் நிறைவது ஆகஸ்ட் 4. அன்றிலிருந்து ஆகஸ்ட் 17-க்குள் ஒரு வீடியோ. ஆகஸ்ட் 18-இலிருந்து செப்டம்பர் 1-க்குள் இன்னொன்று. சில குழந்தைகளுக்கு ஃபிட்ஜெட்டி கொஞ்சம் தாமதமாக வரும் என்பதால்தான் இரண்டு முறை.

நேரம் முக்கியம். பால் குடித்து முக்கால் மணி, ஒரு மணி ஆகியிருக்க வேண்டும்; பசியும் இருக்கக் கூடாது, தூக்கக் கலக்கமும் இருக்கக் கூடாது. எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிச் சாம்பிராணி போட்டபின் எந்தக் குழந்தையும் தூங்கத்தான் போகும். ஆகவே குளிப்பாட்டுவதற்கு முன்பே எடுத்துவிடுங்கள். காய்ச்சலோ தடுப்பூசி போட்ட மறுநாளோ என்றால் இரண்டு மூன்று நாள் தள்ளிப் போடுங்கள்.

தரையில் பாய் விரித்து, மேலே பூவும் கோடும் இல்லாத ஒரே நிற விரிப்பு. வெள்ளை வேண்டாம், வெள்ளைக்குக் கேமரா தன்னைச் சரிசெய்துகொண்டு குழந்தையை இருட்டாக்கிவிடும். கரும்பச்சை, நீலம் நல்லது. மெத்தென்ற பஞ்சு மெத்தையில் குழந்தை புதைந்து சின்ன அசைவுகள் அமுங்கிப் போகும். சட்டையைக் கழற்றிவிடலாம், அல்லது கை கால் தெரியும் மெல்லிய உடை. காலுறை, கையுறை, கொலுசு, வளையல் எல்லாம் கழற்றுங்கள். கொலுசுச் சத்தத்துக்கே குழந்தை அசைவை நிறுத்திக் காது கொடுக்கும். டயப்பர் பருமனாக இருந்தால் தொடை விரிந்து இடுப்பு அசைவு குறையும், ஆகவே துணிக் கோவணத்தைத் தளர்வாகக் கட்டுவது மேல். அரைஞாண் இருந்துவிட்டுப் போகட்டும்.

வெளிச்சம் சன்னலிலிருந்து பக்கவாட்டில் வர வேண்டும். குழந்தையின் தலைக்குப் பின்னால் சன்னல் இருந்தால் உடம்பு நிழலுருவமாகிவிடும். டியூப் லைட்டுக்குக் கீழே மின்விசிறி சுற்றினால் அதன் நிழல் குழந்தைமேல் ஓடிக்கொண்டே இருக்கும்; கணினிக்கு அது அசைவாகப் படும், குழந்தைக்கும் வேடிக்கையாகிவிடும். ஆகஸ்ட் புழுக்கத்தில் விசிறியை நிறுத்தினால் குழந்தை சிணுங்கும் என்பதும் உண்மை. அதனால் காலை எட்டு, ஒன்பது மணிக்கு டியூப் லைட்டை அணைத்துவிட்டு, சன்னல் வெளிச்சத்தில், விசிறிக்கு நேர் கீழே இல்லாமல் படுக்கவையுங்கள்.

ஃபோனைக் குழந்தையின் கால்மாட்டில், தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில், சாய்வாகக் கீழ்நோக்கி வையுங்கள். ஸ்டாண்ட் இருந்தால் நல்லது. இல்லையென்றால் பிளாஸ்டிக் நாற்காலியின் முதுகில் முழங்கையை ஊன்றிப் பிடியுங்கள். குழந்தையின் நேர் மேலே எதையும் கட்டித் தொங்கவிடாதீர்கள், விழுந்துவிடும். தலை உச்சியிலிருந்து பாதம் வரை, விரித்த இரு கைகளும் முழுதாகச் சட்டகத்துக்குள் இருக்க வேண்டும். பின்பக்கக் கேமரா, 1080பி, நொடிக்கு 30 சட்டகம். அழகுபடுத்தும் ஃபில்டர், ஸ்லோ மோஷன், ஜூம் எதுவும் கூடாது. நடுவில் அழைப்பு வந்து பதிவு அறுந்துபோகாமல் இருக்க ஏரோபிளேன் மோடில் போடுங்கள்.

அதன்பின் யாரும் பேசக் கூடாது, கொஞ்சக் கூடாது, நிப்பிள் வாயில் இருக்கக் கூடாது, கிலுகிலுப்பை கண்ணில் படக் கூடாது. குழந்தை எதையாவது உற்றுப் பார்த்தால் ஃபிட்ஜெட்டி குறைந்துவிடும். ஜூலை 3 வீடியோவில் நடந்தது அதுவும்தான். அழுகை, விக்கல் வந்தால் நிறுத்திவிட்டு மறுநாள் முயலுங்கள். குறைந்தது 3 நிமிடம், முடிந்தால் 5 நிமிடம் ஓடட்டும். ஏன் இவ்வளவு என்றால், நன்றாக இருக்கும் குழந்தையிடம் அந்த அசைவு ஓரிரு நொடி இடைவெளியில் வந்துகொண்டே இருக்கும். சிலரிடம் பார்த்த நேரத்தில் பாதி நேரம்தான் இருக்கும். மிக அரிதாக வருபவர்களிடம் இடையில் ஒரு நிமிடம் வரைகூட ஒன்றும் இராது. இரண்டு நிமிடத் துண்டில் இந்த மூன்றையும் பிரித்தறிய முடியாது.

எடுத்த கோப்பை வெட்டாமல், ஒட்டாமல் அப்படியே வையுங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் வீடியோ சுருங்கி விவரம் போய்விடும். டாகுமெண்ட் என்று தேர்ந்து அனுப்புங்கள். கூடவே ஒரு தாளில் எடுத்த தேதி, நேரம், பிரசவத் தேதி, கடைசியாகப் பால் கொடுத்த நேரம், கொடுத்துவரும் மருந்து ஆகியவற்றை எழுதிவிடுங்கள்.

யாருக்கு அனுப்புகிறீர்கள் என்பதில் கண்டிப்பு வேண்டும். உடையில்லாத குழந்தையின் வீடியோ அது. உறவுக்காரர் குழுவில் போடாதீர்கள். எந்தச் செயலியிலும் ஏற்றும் முன் வீடியோ எங்கே சேமிக்கப்படும், யார் பார்ப்பார்கள், கேட்டால் அழிப்பார்களா என்று பாருங்கள். குழந்தையின் தகவலைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்று 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. ஏற்கெனவே ஏற்றிய ஜூலை 3 வீடியோவை அழிக்கச் சொல்லி இன்றே எழுதுங்கள். அந்த நிறுவனத்திடம் இன்னும் மூன்றைக் கேளுங்கள்: திருத்தப்பட்ட வயதை எங்கே பதிகிறீர்கள், ஜி.எம்.ஏ. சான்று பெற்ற மனிதர் யாராவது வீடியோவைப் பார்க்கிறாரா, 64% என்றால் எதில் 64? மூன்றாவதற்குத் தெளிவான பதில் இல்லையென்றால் அந்தச் செயலி வேண்டாம்.

வீடியோவோடு நிறுத்தக் கூடாது. ஹேமர்ஸ்மித் நரம்பியல் பரிசோதனை, சுருக்கமாக ஹைன், என்று ஒன்று இருக்கிறது. 26 அம்சங்கள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3, மொத்தம் 78 மதிப்பெண். முகம், கண், விழுங்குதல், உட்காரவைத்தால் உடம்பு இருக்கும் நிலை, தசை இறுக்கம், அசைவு, அனிச்சைச் செயல் எல்லாவற்றையும் மருத்துவர் கையால் பார்த்து மதிப்பெண் போடுவார். கால் மணி நேரம் போதும், கருவி எதுவும் தேவையில்லை. உங்கள் மகளுக்குத் திருத்தப்பட்ட 3 மாதம் நிறையும் ஆகஸ்ட் 12-ஐ ஒட்டிச் செய்வது சரியாக இருக்கும். அந்த வயதில் 57-க்குக் கீழே வந்தால் கவனமாகப் பார்ப்போம். மொத்தம் நன்றாக இருந்தும் வலப்பக்கத்துக்கும் இடப்பக்கத்துக்கும் வித்தியாசம் அதிகமாக இருந்தால், ஒருபக்கம் மட்டும் பாதிக்கும் வகையை அது காட்டலாம். மொத்த மதிப்பெண்ணை மட்டும் பார்த்துவிட்டு இதைத் தவறவிடுவது உண்டு. ஆகவே இரு பக்கமும் சமமா என்று நீங்களே கேளுங்கள்.

ஃபிட்ஜெட்டி இருக்கிறது, ஹைன் நன்றாக இருக்கிறது, தலை ஸ்கேனும் நார்மல் என்றால் மூளை முடக்குவாதத்துக்கான வாய்ப்பு மிகக் குறைவு. இரண்டு வீடியோவிலும் ஃபிட்ஜெட்டி இல்லை, ஹைனும் குறைவு என்றால், நோய்க்குப் பெயர் வைக்கக் காத்திருக்காமல் அந்த வாரமே சிகிச்சையைத் தொடங்க வேண்டும். இரண்டும் முரண்பட்டால் ஒரு மாதம் விட்டு மறுபடி பார்ப்போம். அந்த ஒரு மாதமும் பயிற்சி நடந்துகொண்டிருக்கும்.

எம்.ஆர்.ஐ. இப்போது வேண்டாம். இந்த வயதில் அசையாமல் இருக்கப் பெரும்பாலும் மயக்க மருந்து தேவைப்படும். தவறான வயதில் எடுத்த ஒரு வீடியோவை நம்பி அதற்குப் போக வேண்டியதில்லை. மேலே சொன்ன சோதனைகளில் ஏதாவது தெரிந்தால் மருத்துவரே எழுதிக் கொடுப்பார். அதைவிட, உங்கள் கையில் இருக்கும் டிஸ்சார்ஜ் சம்மரியில் தலை ஸ்கேன் எந்தத் தேதிகளில் எடுத்தார்கள் என்று பாருங்கள். முதல் வாரத்தில் எடுத்தது மட்டும் என்றால் அது ரத்தக்கசிவைத்தான் காட்டியிருக்கும். குறைமாதக் குழந்தைகளுக்கு மூளையின் வெள்ளைப் பகுதியில் வரும் சின்னக் குழிகள் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். பிறகு எடுத்த ஸ்கேனும் நார்மல் என்றால் அது நல்ல செய்தி. இல்லையென்றால் உச்சிக்குழி மூடாதவரை இன்னொரு முறை எளிதாக எடுக்கலாம், மயக்கம் தேவையில்லை.

மாமியார் சொல்வதில் பாதி மிகச் சரி: குறைமாதக் குழந்தைக்குக் கணக்கே வேறு. ஆனால் ‘மெதுவாத்தான் வரும்’ என்று ஒரு வயது வரை காத்திருப்பது கூடாது. ஒன்பது வாரத்தைக் கழித்த பிறகும் வராதது தாமதம்தான். அவரிடம் சண்டைக்குப் போகாமல், ஆகஸ்ட் வீடியோவை அவரையே பக்கத்தில் வைத்துக்கொண்டு எடுங்கள். பேசாமல் இருக்கச் சொல்வதுதான் சிரமம்.

அதுவரை வீட்டில் செய்ய வேண்டியது அதிகமில்லை. விழித்திருக்கும் நேரத்தில் தூளியில் போடாதீர்கள். தரையில் பாயில் விடுங்கள். உங்கள் மார்புமேல் குப்புறப் படுக்கவைத்துத் தலை தூக்கவிடுங்கள், ஒரு தடவைக்கு இரண்டு மூன்று நிமிடம், ஒரு நாளில் பல தடவை. கைகளை நடுமார்புக்குக் கொண்டுவந்து ஒன்றையொன்று தொடவிடுங்கள். முகத்துக்கு ஓரடி தூரத்தில் உங்கள் முகத்தைக் காட்டி மெல்ல இடமும் வலமும் நகருங்கள். காலை நீட்டி இறுக்கிச் சுற்றுவது வேண்டாம். வாக்கர் எந்த வயதிலும் வேண்டாம். விழித்திரைப் பரிசோதனையைக் கண் மருத்துவர் ‘முடிந்தது’ என்று எழுதித் தந்தாரா, என்.ஐ.சி.யூ.வில் இருந்த குழந்தைக்குச் செய்ய வேண்டிய பெரா (சத்தத்துக்கு மூளை தரும் மின்பதிலை அளப்பது) வகைக் கேட்புச் சோதனை நடந்ததா என்றும் பாருங்கள். அசைவு வீடியோ எவ்வளவு நன்றாக இருந்தாலும் பார்வை, கேட்பு, பேச்சு, கற்றல் பற்றி அது உறுதி தராது. 2 வயது வரை தொடர் பரிசோதனையை விடக் கூடாது.

எங்கே காட்டுவது? குழந்தை இருந்த என்.ஐ.சி.யூ.வின் தொடர் கண்காணிப்பு ஓ.பி.தான் முதல் இடம். கடலூரிலேயே வேண்டுமென்றால் அரசு தலைமை மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவில் கேட்டு, உங்கள் மாவட்டத்துக்கான டி.இ.ஐ.சி. என்ற ஆரம்ப நிலை இடையீட்டு மையத்துக்கு எழுதி வாங்குங்கள். 2013-இல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. என்ற மத்திய அரசின் குழந்தைகள் நலத் திட்டத்தில் பிறப்பு முதல் 18 வயது வரை பரிசோதனையும் பயிற்சியும் இலவசம். டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன் அறிக்கைகள், தடுப்பூசி அட்டை, மாதாமாதம் எடுத்த தலைச் சுற்றளவு, வீடியோ கோப்பு, அந்தத் தாள் இவ்வளவும் கையில் இருக்கட்டும்.

சிலவற்றுக்கு மட்டும் ஆகஸ்ட் வரை காத்திருக்கக் கூடாது. கால் இரண்டும் விறைத்துக் கத்தரி போலக் குறுக்கே போவது, ஒரு கை மட்டும் எப்போதும் மூடியே இருப்பது, பால் குடிக்கையில் அடிக்கடி புரையேறுவது, தலை வேகமாகப் பெருப்பது இருந்தால் அந்த வாரமே காட்டுங்கள். எல்லாவற்றையும்விட அவசரமானது ஒன்று. தூங்கி எழுந்ததும் தலை முன்னால் சாய்ந்து, இரு கையும் திடீரென்று விரிந்து, ஒரு நொடியில் தளர்ந்து, சில நொடி கழித்து மறுபடி அதே போல வரிசையாக வந்தால் அது இன்ஃபன்டைல் ஸ்பாசம் என்ற வலிப்பாக இருக்கலாம். வயிற்று வலி, தூக்கிப் போடுகிறது, பயந்துகொண்டது என்று நினைத்து வாரக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள். சிகிச்சை ஒவ்வொரு நாள் தள்ளிப்போவதும் மூளைக்குக் கெடுதல். அப்படி வந்தால் விரிப்பு, வெளிச்சம், கோணம் எதையும் பார்க்காதீர்கள். நடக்கும்போதே ஃபோனில் பிடித்து, எந்தச் செயலியிலும் போடாமல், அன்றே குழந்தை நல மருத்துவரிடம் நேரில் கொண்டுபோய்க் காட்டுங்கள்.